வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆண்டுப் பறவைப் பட்டியல்: எது சேரும், எது சேராது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். சிங்கப்பூருக்கு வந்து மூன்று வருடம், வேலை நிமித்தம் ஜகார்த்தா, பேங்காக் என்று அடிக்கடி பயணம், வருடத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி. இந்த ஜனவரி 1 முதல் ஆண்டுப் பட்டியல் எழுத ஆரம்பித்து, ஆகஸ்ட்டில் 118 இனங்களில் நிற்கிறீர்கள். ஊரில் பார்த்தது சேருமா, நாட்டுக்கு ஒரு பட்டியலா எல்லாவற்றுக்கும் ஒன்றா, விமான நிலையக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் குரல் மட்டும் கேட்டதும் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பாதி எண்ணிக்கை பயணத்தால் வந்தது, இது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது என்று. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அந்த 118 நாணயமான எண்தானா என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதனால் விதிகளைச் சொல்லும்போதே அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் முடிவுசெய்ய வசதியாக என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம், கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் பொறியாளர், சிங்கப்பூரின் ஈசூனில் பதினெட்டு வருட வாசம். 2009-இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் ஆண்டுப் பட்டியல் வைத்திருக்கிறேன். சிங்கப்பூர், தமிழ்நாடு, அப்புறம் வேலை எந்தத் துறைமுகத்துக்கு அனுப்புகிறதோ அது. பறவையியல் படித்தவன் இல்லை. வயலிலும் சேற்றிலும் நின்று கற்றதுதான். சிங்கப்பூரையும் தென்னிந்தியாவையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஐரோப்பா, அமெரிக்காவில் துறைமுகத்தை ஒட்டிச் சில நாள் பார்த்ததோடு சரி, அங்குள்ள பறவைகளை அடையாளம் காண்பதில் என் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ஆண்டுப் பட்டியல் என்றால் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நீங்கள் கண்ட பறவை இனங்களின் பட்டியல். ஓர் இனம் வருடத்தில் ஒருமுறைதான் எண்ணப்படும், எத்தனை நாட்டில் பார்த்தாலும் சரி. பறவை உயிரோடு இருக்க வேண்டும், காட்டுப்பறவையாக இருக்க வேண்டும், கட்டி வைத்ததாகவோ கூண்டில் அடைத்ததாகவோ இருக்கக் கூடாது. அமெரிக்கப் பறவை நோக்கல் சங்கம் வகுத்த விதிகளின் சாரம் இதுதான், உலகம் முழுக்கப் பெரும்பாலானவர்கள் இதையே பின்பற்றுகிறார்கள். பறவைக்குத் தொல்லை கொடுக்காமல் பார்த்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இந்த விதிகளில் எங்கும் பயணம் செய்யக் கூடாது என்று இல்லை. 2015-இல் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கர் ஏழு கண்டங்களையும் ஒரே வருடத்தில் சுற்றி 6,042 இனங்களைப் பார்த்தார். மறுவருடமே நெதர்லாந்துக்காரர் அர்யான் ட்வார்ஸ்ஹவிஸ் 6,800-ஐத் தாண்டினார். உலகில் மொத்தமே ஏறத்தாழ 11,000 இனங்கள்தான். அவர்களை யாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை, ஏனென்றால் உலகம் முழுவதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். நாணயம் அங்கேதான் இருக்கிறது. எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நடுவில் மாற்றாமல் இருந்தால் போதும். ஜனவரியில் சிங்கப்பூர் மட்டும் என்று ஆரம்பித்து, ஜூனில் எண் நகரவில்லை என்று திருநெல்வேலியையும் சேர்த்துக்கொண்டால், அப்போது மனம் உறுத்துவது சரிதான்.

ஒரு பட்டியலா பல பட்டியலா என்ற கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். பட்டியலை எழுதாதீர்கள், பதிவை எழுதுங்கள். ஒவ்வொரு முறை பறவை பார்க்கப் போகும்போதும் தேதி, இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், என்னென்ன பறவை, ஒவ்வொன்றும் எத்தனை, இவ்வளவுதான். இந்தப் பதிவு சரியாக இருந்தால் உலகப் பட்டியல், சிங்கப்பூர்ப் பட்டியல், இந்தியப் பட்டியல், ஏன், உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள புல்வெளிப் பட்டியல்கூட அதிலிருந்து தானாக வரும். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளம் இதைத்தான் செய்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கியது, 2010-இலிருந்து உலகம் முழுக்கப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. பழைய நோட்டுப் புத்தகக் குறிப்புகளையும் பழைய தேதி போட்டு ஏற்றிக்கொள்ளலாம், அதனால் உங்கள் ஜனவரிக் குறிப்புகள் வீணாகாது. நோட்டில்தான் எழுதுவேன் என்றாலும் தப்பில்லை, நான் இன்றும் இரண்டையும் வைத்திருக்கிறேன். ஆனால் நோட்டில் பறவைப் பெயரை மட்டும் வரிசையாக எழுதி எதிரே டிக் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இடமும் தேதியும் இல்லாத பெயர் மூன்று வருடம் கழித்து எதற்கும் உதவாது.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது பயணம் செய்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல். நாளும் நேரமும் பறவை இருக்கும் ஊரின் கணக்கில்தான் இருக்க வேண்டும், சிங்கப்பூர்க் கணக்கில் அல்ல. 2014 டிசம்பர் கடைசியில் ஒரு வேலைக்காக ஹூஸ்டன் போயிருந்தேன். 31-ஆம் தேதி காலை நேரம் கிடைத்தது, கால்வெஸ்டன் கடற்கரைக்குப் போய் ஓடை ஓரம் நின்றால், இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் நான்கு, அகலமான அலகைத் தண்ணீருக்குள் விட்டு இடதும் வலதுமாக அரிவாள் வீசுவதுபோல வீசிக்கொண்டே நடக்கின்றன. நம் கோடியக்கரையில் பார்க்கும் வெள்ளைக் கரண்டிவாயனின் அதே நடை, நிறம் மட்டும் ரோஜா. சந்தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினேன். கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது, அங்கே காலை பத்தரை என்றால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, ஜனவரி 1. புது வருடத்தின் முதல் பறவை கரண்டிவாயன் என்று பட்டியலைத் தொடங்கிவிட்டேன். மார்ச்சில் விமானச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் காலைப் பறவைகள் முழுக்க முந்தைய வருடத்துக்குப் போக வேண்டியவை. எடுத்து மாற்றினேன். பதினொரு இனம் குறைந்தது, அதில் ஏழு இனத்தை அந்த வருடம் திரும்பப் பார்க்கவே முடியவில்லை. அதிலிருந்து விமானம் தரை தொட்டதும் முதல் வேலை கடிகாரத்தை மாற்றுவதுதான். கைப்பேசியில் நேரம் தானாக மாறும் வசதி போட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாட்டில் ஒரே பறவை என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே பறவை என்று நாம் நினைப்பது ஒரே இனமாக இல்லாமல் போகலாம். நம்மவர்கள் இங்கே வந்ததும் முதலில் தவறுவது சிட்டுக்குருவியில். காப்பிக்கடையில் மேசைக்கு அடியில் தத்தித் தத்திச் சோறு பொறுக்கும் குருவியை அடுத்த முறை குனிந்து பாருங்கள். வெள்ளைக் கன்னத்தின் நடுவில் மை வைத்ததுபோல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், உச்சந்தலை முழுக்கச் செம்பழுப்பு, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. நம் ஊர்ச் சிட்டுக்குருவியில் ஆணுக்கு உச்சந்தலை சாம்பல், கன்னத்தில் பொட்டு கிடையாது, பெண் தனியாக வெளிறிய பழுப்பில் இருக்கும். இரண்டும் வேறு வேறு இனம். உங்கள் 118-இல் சிட்டுக்குருவி என்று ஒரே வரி இருந்தால், திருநெல்வேலியில் வீட்டு வாசலில் பார்த்தது இன்னொரு வரியாக வர வேண்டும். மைனாவும் அப்படித்தான். இங்கே எங்கு பார்த்தாலும் நடக்கும் கருஞ்சாம்பல் மைனா ஜாவா மைனா, நம் ஊரில் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலோடு பழுப்பாக இருப்பது வேறு. ஜாவா மைனா இங்கே கொண்டுவரப்பட்டுப் பெருகியது. அதன் சொந்த மண்ணான ஜாவாவிலோ கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அருகிக்கொண்டு வருகிறது. ஜகார்த்தாவுக்கு அடிக்கடி போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், அங்கே கூண்டுக்கு வெளியே ஒன்றைப் பார்த்தால் நின்று பாருங்கள்.

இன்னொரு விதமாகவும் நடக்கும், நேற்றுவரை ஒன்றாக இருந்தது இன்று இரண்டாகும். உண்ணிக்கொக்கு இதற்கு நல்ல உதாரணம். ஊரில் மாட்டுக்குப் பின்னால் போகும் உண்ணிக்கொக்கையும் டெக்சஸில் புல்வெட்டும் வண்டிக்குப் பின்னால் போன உண்ணிக்கொக்கையும் பல வருடம் ஒன்றாகத்தான் எழுதினேன். 2024-இல் ஈபேர்ட் பின்பற்றும் வகைப்பாட்டில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஆசியாவில் நாம் பார்ப்பது கிழக்கு. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா மேற்கு. இடமும் தேதியும் பதிவில் இருந்ததால் எனக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, பழைய பட்டியல்கள் தாமாகத் திருந்திக்கொண்டன. பதிவை எழுதச் சொல்வது இதற்காகவும்தான்.

கூண்டிலிருந்து தப்பியவை, கொண்டுவந்து விட்டவை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சிங்கப்பூரில் இருப்பவர் இதைத் தாண்டிப் போக முடியாது. பச்சைக்கிளி நம் ஊரில் பிறந்து வளர்ந்த பறவை. சிங்கப்பூரில் அது வெளியிலிருந்து வந்து நிலைத்தது, ராட்டர்டாம் பூங்காவில் குளிர்காலத்து மொட்டை மரத்தில் அதே கீச்சுக்குரலோடு உட்கார்ந்திருப்பதும் அப்படி வந்து நிலைத்ததுதான். தலைமுறை தலைமுறையாகத் தானே கூடு கட்டி வாழும் கூட்டமாகிவிட்டால் எண்ணலாம் என்பது பொது வழக்கம். நேற்று யாரோ வீட்டுக் கூண்டிலிருந்து பறந்து வந்த தனிக் கிளி சேராது. ஈபேர்ட் இப்போது இவற்றைத் தனித்தனியே குறித்து, தப்பி வந்தவற்றை மொத்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனாலும் பதிவில் எழுதுங்கள், எந்தப் பறவை எந்த ஊரில் நிலைகொள்ளத் தொடங்குகிறது என்று பின்னால் தெரிய அதுதான் வழி. இடைப்பட்டவையும் உண்டு. சிங்கப்பூரின் வடகரைச் சதுப்புநிலமான சுங்கை பூலோவில் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரைகள், ஜூரோங் பறவைப் பூங்காவிலும் விலங்குத் தோட்டத்திலும் சுதந்திரமாகப் பறக்கவிட்ட கூட்டத்தின் வழி வந்தவை என்றே கருதப்படுகின்றன. பால்நாரையோடு கலந்து பிறந்தவையும் அவற்றில் இருக்கின்றன. உங்களுக்கு இதில் கவலையே வேண்டாம். அதே மஞ்சள்மூக்கு நாரை உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் கிராமத்து மரங்களிலேயே கூடு கட்டுகிறது. வீட்டுக்காரர்கள் எச்சத்தையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு காப்பாற்றி வருகிறார்கள். அங்கே பார்த்து எழுதுங்கள், யாரும் கேள்வி கேட்க முடியாது.

குரல் மட்டும் கேட்டது சேருமா? சேரும். நான் முன்னால் சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் விதியிலேயே கேட்டாலும் பார்த்தாலும் ஒன்றுதான், குரலை வைத்து நீங்களே அடையாளம் சொல்ல முடிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நான் பதிவில் கே என்று ஓர் எழுத்துப் போட்டு வைப்பேன், அது என் பழக்கம், விதி அல்ல. விடியற்காலை ஐந்தரைக்குப் பன்னிரண்டாம் மாடிச் சன்னலுக்கு வெளியே குயில் கூவுவதைக் கேட்டுவிட்டு, பார்க்கவில்லையே என்று விடுவதில் அர்த்தமில்லை, அந்தக் குரலைத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பறவைக் குரலைக் கேட்டு அடையாளம் சொல்லும் மெர்லின் என்ற கைப்பேசிச் செயலி சொன்ன பெயரை அப்படியே எழுதுவது வேறு. அதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடுங்கள். மெக்ரிட்சி காட்டில் ஒருமுறை வரிசையாக நான்கு பறவைப் பெயர்களைக் காட்டியது, நானும் பரபரப்பாகக் கிளை கிளையாகத் தேடினேன். கடைசியில் பார்த்தால் ஒரே ஒரு துடுப்புவால் கரிச்சான், வாலின் இரண்டு கம்பிகளும் தொங்க உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பறவையாகப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தது. அது பிற பறவைகளின் குரலை எடுத்துப் பாடும் பறவை, காது எவ்வளவு பழகினாலும் கண் தேவைப்படும் இடம் இது.

அப்புறம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதவை இருக்கின்றன, அவற்றை ஒத்துக்கொள்வதும் பட்டியலின் ஒரு பகுதி. சிங்கப்பூர் வானத்தில் பறக்கும் சின்ன உழவாரன்களில் கறுப்புக்கூட்டு இனத்தையும் உணவுக்கூட்டு இனத்தையும் பறக்கும்போது பிரித்துச் சொல்வது நடக்காத காரியம், இங்கே பல வருடம் பார்த்தவர்களும் இரண்டில் ஒன்று என்றுதான் எழுதுகிறார்கள். ஊசிவால் உள்ளானும் ஸ்வின்ஹோ உள்ளானும் அப்படியே, வாலின் ஓர இறகுகள் விரிந்து தெரிந்தால் தவிர. ஈபேர்டில் இரண்டில் ஒன்று என்று பதியவும் இன்னது என்று தெரியவில்லை என்று பதியவும் இடம் உண்டு. அவை ஆண்டு எண்ணிக்கையை ஏற்றாது, ஆனால் பதிவை உண்மையாக வைத்திருக்கும். எனக்கு ஒரு கணக்கு உண்டு: வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து இரண்டு நாள் யோசித்தும் நூற்றுக்குத் தொண்ணூறு தேறவில்லை என்றால் இனப் பெயரை எழுத மாட்டேன். வெளியூரில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பப் போய்ச் சரிபார்க்க முடியாது. பயணத்தில்தான் ஆசை கூடும், அப்போதுதான் கை நடுங்காமல் தெரியவில்லை என்று எழுதப் பழக வேண்டும்.

எல்லை விஷயம் இங்கேயே வரும். சுங்கை பூலோ கரையில் நின்றால் எதிரே மலேசியாவின் ஜொகூர். வெண்வயிற்றுக் கடற்கழுகு நம் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டு நேரே அக்கரைக்குப் போய் உட்காரும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி பறவை இருக்கும் இடம்தான் கணக்கு, ஈபேர்டோ பதிவில் நீங்கள் குறித்த இடத்தை, அதாவது நீங்கள் நிற்கும் இடத்தை வைத்து நாட்டை முடிவுசெய்யும். உலக ஆண்டுப் பட்டியலுக்கு இதனால் ஒரு வித்தியாசமும் இல்லை, நாட்டுப் பட்டியலுக்கு மட்டும்தான். அக்கரைக் கட்டடத்தில் தொலைநோக்கியில் தெரிந்த பறவையை நான் என் சிங்கப்பூர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்த்தால் தவறென்று சொல்ல மாட்டேன்.

விமான நிலையக் கண்ணாடி வழியாகப் பார்த்தது தாராளமாகச் சேரும், அடையாளம் உறுதி என்றால். அதை ஒரு பயணப் பதிவாகப் போடாமல் தற்செயலாகப் பார்த்தது என்ற வகையில், அந்த விமான நிலையத்தையே இடமாகக் குறித்துப் போடுங்கள். சாங்கியில் கிளம்பி சென்னையில் இறங்கியதுவரை ஒரே பதிவு என்று போட்டால் அந்தத் தகவல் யாருக்கும் பயன்படாது. நடந்து பார்க்கும் பதிவே எட்டுக் கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் நல்லது என்று ஈபேர்ட் கேட்டுக்கொள்கிறது. வேலைப் பயணத்துக்கு எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 32 மில்லிமீட்டர் உள்ள தொலைநோக்கி போதும், கைப்பையிலேயே அடங்கும். துறைமுகம், கடற்படைத் தளம், விமான ஓடுதளம் பக்கம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நான் ஒரு துறைமுக வாசலில் ஆலாவைப் பார்க்கப் போய் இரண்டு மணி நேரம் காவல் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், ஆனால் விமானம் போய்விட்டது.

சரி, உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். பயணத்தால் எண் கூடும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் சொல்ல விரும்புவது, அந்த எண் எல்லாப் பறவைகளையும் ஒரே எடையில் வைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வைத்திருங்கள். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் படகிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்தில் வைக்கோல்தலைச் சின்னான் பாடுவது கேட்கும், குடத்திலிருந்து தண்ணீர் சாய்வதுபோலக் குழைந்து குழைந்து வரும் குரல். கூண்டில் பாட வைப்பதற்காகப் பிடித்தே தென்கிழக்கு ஆசியா முழுக்கத் துடைத்துவிட்டார்கள். மிக அருகிய நிலையில் உள்ள இனம், உலகில் மிஞ்சியதில் ஒரு பெரும் பங்கு இந்தச் சின்னத் தீவு நாட்டில்தான் இருக்கிறது. பட்டியலில் அதுவும் ஒன்று, ஜாவா மைனாவும் ஒன்று. ஜகார்த்தா, பேங்காக் பயணத்தில் பத்து இனம் கூடுவதைவிட, சாங்கி படகுத்துறையில் நான்கு வெள்ளி கொடுத்துப் போய் அந்தக் குரலை ஒரு காலை முழுக்கக் கேட்பது உங்களை நல்ல பறவை நோக்குநராக ஆக்கும் என்பது என் துணிபு.

இன்னொன்று, ஆண்டுப் பட்டியலின் உண்மையான பயன் காலத்தைக் கற்றுக்கொடுப்பது. வாழ்நாள் பட்டியலில் காக்கையை ஒருமுறை எழுதினால் முடிந்தது, ஆண்டுப் பட்டியலில் ஒவ்வொரு ஜனவரியிலும் காக்கையை மறுபடி பார்த்துத்தான் எழுத வேண்டும். ஒரே இடத்தை விடாமல் பார்ப்பவருக்குத்தான் அடுத்தது பிடிபடும். எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள திடலில் வருடத்தின் முதல் மாதங்களில் நீலவால் பஞ்சுருட்டான்கள் கம்பியில் உட்கார்ந்திருக்கும். பிப்ரவரி வாக்கில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் வந்து சேரும், கொஞ்ச நாள் இரண்டும் ஒரே கம்பியில். ஏப்ரலோடு நீலவால் வடக்கே போய்விடும், நீலத்தொண்டை மண்ணில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கும். செப்டம்பரில் நீலவால் திரும்பி வரும்போது நீலத்தொண்டை கிளம்பிக்கொண்டிருக்கும். முதல் மூன்று வருடம் எனக்கு இரண்டும் ஒரே பறவையாகத்தான் தெரிந்தது. எந்தத் தேதியில் எது என்று பட்டியலில் எழுதி எழுதித்தான் இந்த மாற்றம் கண்ணில் பட்டது. நீங்கள் மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பதால் மற்ற இருபது நாளில் ஒரே ஓர் இடத்தை, வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உலக எண் பக்கத்தில் அந்த இடத்தின் எண்ணும் இருக்கட்டும். ஏமாற்று உணர்ச்சி போக எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

ஊர்ப் பயணத்தை எப்போது வைப்பது என்பது எண்ணிக்கையை மிகவும் மாற்றும். ஜூன் பள்ளி விடுமுறையில் போனால் வலசைப் பறவைகள் ஒன்றும் இருக்காது. தீபாவளிக்குப் போனால் ஊரில் வரத்து தொடங்கியிருக்கும், ஆனால் இங்கே அக்டோபர், நவம்பரில் தெலுக் பிளாங்கா குன்றின் மேல் தேன்பருந்துகளும் சிறு வல்லூறுகளும் கூட்டமாகத் தெற்கே போவதைத் தவறவிடுவீர்கள். பொங்கல்தான் என் தேர்வு. கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்து, கோடியக்கரை உப்பளத்தில் பூநாரை, மாலையில் ஊர்த் தோப்பில் ஆறுமணிக்குருவியின் குரல், எல்லாம் ஜனவரியில் கிடைக்கும். 2015-இலிருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. வீட்டு மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே அதில் சேர்ந்துவிடலாம். இப்படிச் சேர்ந்த சாதாரணப் பதிவுகளை வைத்துத்தான் 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது: ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகள், 942 இனங்கள். அரிய பறவையை மட்டும் எழுதுபவரின் பட்டியல் அங்கே உதவாது, பார்த்த எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதியவரின் பட்டியல்தான் உதவும். முழுப் பட்டியலா என்று செயலி கேட்கும்போது ஆம் என்று சொல்லும்படி எழுதுங்கள். கூடு, ஆந்தை உறங்கும் மரம் இவற்றின் சரியான இடத்தை மட்டும் வெளியே போடாதீர்கள், அடுத்த நாள் கூட்டம் சேர்ந்துவிடும்.

118-இல் நின்றுபோனது உங்கள் குறை இல்லை. மே முதல் ஜூலைவரை சிங்கப்பூரில் எல்லோருக்கும் அப்படித்தான், வலசைப் பறவைகள் கிடையாது. இப்போது ஆகஸ்ட், கரையோரப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன. இந்த வாரமே சுங்கை பூலோவுக்குப் போங்கள், ஆனால் நேரம் பார்த்துப் போங்கள். எங்கள் பக்கத்தில் ஏற்றம், வற்றம் என்போம். வற்றத்தில் பறவைகள் வெளியே சேற்றுமேட்டில் தூரத்தில் சிதறிக் கிடக்கும், ஏற்றத்தில் அந்தச் சேறு மூழ்கிவிடுவதால் எல்லாம் உள்ளே குளத்து மேட்டுக்கு வந்து ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ஓதக் கால அட்டவணையைப் பார்த்து, காலை ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மறைவிடத்தில் உட்காருங்கள். பசிபிக் பொன் உப்புக்கொத்திகளில் சிலவற்றுக்கு வடக்கே கூடு கட்டியபோது இருந்த கறுப்பு வயிறு இன்னும் முழுதாக உதிராமல் திட்டுத் திட்டாக இருக்கும், பக்கத்தில் பவளக்கால் உள்ளான்கள் ஒற்றைக் காலில். எண்ணி முடித்ததும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.